எட்டு மணிச் செய்தி

வயதானவர்களுக்குச் செய்திப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். கோத்தகிரியில் எனக்குத் தெரிந்த எழுபது வயதுக்காரர்கள் விடிந்ததும் வானொலி, காபியோடு தொலைக்காட்சி, வெயில் வந்ததும் திண்ணையில் நாளிதழ், இடையிடையே வாட்ஸ்அப் என்று பொழுதுக்கும் செய்தியோடுதான் இருக்கிறார்கள். இவ்வளவையும் கேட்டு முடித்த பிறகும் "இதுல நமக்கு என்ன?" என்ற ஒரு கேள்விக்கு மட்டும் யாரும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். பதில் கிடைக்காத செய்தி, வயதானவர்கள் மனதில் பயமாகத் தங்கிவிடுகிறது.

வருவாய்த் துறையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக 2022-இல் ஓய்வு பெற்றவள் நான். அதற்கு அடுத்த வருஷம், முதியவர்களுக்கென்று ஒரு தினசரிச் செய்தித் தொகுப்பை இணையத்தில் ஆரம்பித்தேன். பெரிய எழுத்தில், படமில்லாமல், விளம்பரமில்லாமல் ஒரு பக்கம். அதையே வாட்ஸ்அப்பில் எழுத்தாகவும் குரலாகவும் அனுப்புகிறேன். நாளுக்கு எட்டுச் செய்தி, காலை எட்டு மணிக்கு. நான் யோசித்து யோசித்து வைத்த பெயரை ஒருவரும் சொல்வதில்லை. "எட்டு மணிச் செய்தி" என்றே ஆகிவிட்டது, இருக்கட்டும்.

இதற்கான யோசனை தாலுகா ஆபீஸில் இருந்த காலத்திலேயே உள்ளே கிடந்தது என்றுதான் நினைக்கிறேன். சமூகப் பாதுகாப்புத் திட்டப் பிரிவில், அதாவது முதியோர் உதவித்தொகை பார்க்கும் பிரிவில், சில வருஷம் இருந்தேன். சட்டசபையில் ஒரு அறிவிப்பு வந்தால் போதும், மறுநாள் காலை கதவு திறப்பதற்கு முன்பே படிக்கட்டில் ஆள் உட்கார்ந்திருக்கும். கீழ்கோத்தகிரிப் பக்கமிருந்தும் சோலூர்மட்டத்திலிருந்தும் முதல் பஸ் பிடித்து வந்திருப்பார்கள். "நேத்தே டிவில சொல்லிட்டாங்களே மேடம்" என்பார்கள். சொன்னது உண்மைதான். ஆனால் அறிவிப்பு வந்து, அரசாணை வந்து, நிதி ஒதுக்கி, யாருக்குப் பொருந்தும் என்ற நெறிமுறை மாவட்டத்துக்கு வந்து, அங்கிருந்து தாலுகாவுக்கு வந்து, அப்புறம்தான் பணம் நகரும். இது எங்களுக்குத் தெரியும், நாளிதழுக்கும் தெரியும். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. முழங்கால் வலியோடு வந்தவரை "போயிட்டு அப்புறம் வாங்க" என்று அனுப்பிய வேலையை நானும் செய்திருக்கிறேன், எல்லா அலுவலகங்களிலும் செய்கிறார்கள்.

அதனால் என் தொகுப்பில் பணம், ஓய்வூதியம், சலுகை பற்றிய ஒவ்வொரு செய்தியும் எந்தப் படியில் நிற்கிறது என்பதைத் தலைப்பிலேயே போட்டுவிடுவேன். "கேட்கிறார்கள்." "யோசிக்கிறார்கள்." "சொல்லிவிட்டார்கள்." "ஆணை வந்துவிட்டது." "பணம் வந்துவிட்டது." இந்த ஐந்தில் ஒன்று கட்டாயம் இருக்கும். தொழிலாளர் வைப்பு நிதி ஓய்வூதியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட்டில் காலமெல்லாம் இலை எடுத்துவிட்டு ஓய்வு பெற்றவர்களில் பலர் வாங்குவது இதுதான். குறைந்தபட்சத் தொகை 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் ஆனது. அதை 7,500 ஆக்க வேண்டும் என்று ஓய்வூதியர்கள் பல வருஷமாகப் போராடுகிறார்கள். நியாயமான கோரிக்கை, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் யூடியூபில் அது மாதம் ஒரு முறை "7,500 உறுதி!" என்று வருகிறது. ஒவ்வொரு முறையும் எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்திலிருந்து யாராவது பாஸ்புக்கைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குக் கிளம்புகிறார்கள். என் தொகுப்பில் அது பல தடவை வந்திருக்கிறது, எல்லாத் தடவையும் "கேட்கிறார்கள்" என்ற தலைப்பின் கீழ்தான்.

ரயில் சலுகையும் இதே கதைதான். அறுபது வயது ஆண்களுக்கு 40 சதவீதம், 58 வயதுப் பெண்களுக்கு 50 சதவீதம் என்று இருந்த சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். கொரோனா போன பிறகும் அது திரும்பவில்லை. ஆனால் "திரும்ப வந்துவிட்டது" என்ற ஃபார்வர்டு மட்டும் பண்டிகை தவறாமல் வருகிறது.

ஐந்து படிகளைவிட என் வாசகர்களுக்குப் பிடித்துப்போனது இன்னொரு வரி: "இதற்காக நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்." இது இ-பாஸ் சமயத்தில் தானாக வந்து சேர்ந்தது. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்றார்கள். எல்லா சேனலிலும் கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டிகள் நிற்பதைக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். டானிங்டனில் இருக்கும் ஒரு பெரியவர், கண் ஆபரேஷனுக்குக் கோவை போக வேண்டியவர், எனக்கு போன் செய்தார்.

"மேடம், நான் கீழ இறங்கிட்டா திரும்ப ஏற விடமாட்டாங்களாமே?"

"நீங்க எதுல போறீங்க, ஐயா?"

"கவர்மென்ட் பஸ்ஸுலதான்."

"அப்ப உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. பஸ்ஸுல வர்றவங்களுக்கு இ-பாஸ் கிடையாது."

"டிவில அத சொல்லலையே."

சொல்லியிருப்பார்கள், எங்காவது ஒரு மூலையில். மறுநாள் தொகுப்பில் முதல் செய்தியாக இப்படி எழுதினேன்: டிஎன் 43 எண் உள்ள நம் ஊர் வண்டிக்கு வேண்டாம், அரசு பஸ்ஸில் வந்தால் வேண்டாம், சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ பிள்ளைகள் காரில் வந்தால் அவர்கள் எடுக்க வேண்டும். கடைசி வரியாக, "உங்களுக்கு வேலை எதுவும் இல்லை." அன்றைக்கு வந்த பதில்களில் பாதி அந்தக் கடைசி வரிக்குத்தான். ஒரு அம்மா "ரெண்டு நாளா தூக்கம் இல்ல, இப்பத்தான் நிம்மதி" என்று குரல் அனுப்பியிருந்தார். அவரிடம் காரே கிடையாது.

மழையும் அப்படித்தான். வெளியூர்க்காரர்களுக்கு நீலகிரி என்பது ஒரே மலை. உள்ளூரில் இருப்பவர்களுக்குத் தெரியும், இங்கே இரண்டு மழை. ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், நடுவட்டம், அவலாஞ்சிப் பக்கம் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டரைத் தாண்டியது. அந்த மாதங்களில் கோத்தகிரியில் பெரும்பாலும் காற்றும் தூறலும்தான். எங்களுக்கு மழை என்றால் ஐப்பசி, கார்த்திகைதான். 2009 நவம்பரில் குன்னூர், கேத்தி, கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் "நீலகிரிக்கு ரெட் அலர்ட்" என்று ஜூலையில் திரையில் சிவப்பாக ஓடியதும் துபாயிலிருந்தும் ஓசூரிலிருந்தும் பிள்ளைகள் அம்மாவுக்கு போன் மேல் போன் போடுகிறார்கள். நவம்பரில் நிஜமாகவே பயப்பட வேண்டிய நாளில், "போன தடவையும் இப்படித்தான் சொன்னாங்க" என்று அம்மா சாதாரணமாக இருந்துவிடுகிறார். எச்சரிக்கையைக் குறைத்துச் சொல்வது என் வேலையல்ல. ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் பெய்யலாம் என்றால்தான் சிவப்பு என்பதையும், எந்தத் தாலுகாவில் எதிர்பார்க்கிறார்கள் என்பதையும், 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அவ்வளவு போதும்.

சரி, இதை அனுப்புவது எப்படி? இந்த இடத்தில்தான் எனக்கு நிஜமான வேலை இருந்தது. குழு ஆரம்பித்தால் ஒருவர் பூங்கொத்து அனுப்புவார், இன்னொருவர் பதிலுக்குப் பிள்ளையார் அனுப்புவார், என் செய்தி அடியில் போய்விடும். அதனால் குழு வேண்டாம், பிராட்காஸ்ட் போதும் என்று முடிவு செய்தேன். அதில் ஒரு பட்டியலுக்கு 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் என் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும். கேட்க எளிது. எழுபது வயதுக்காரரிடம் போய் "என் நம்பரை சேவ் பண்ணிக்கோங்க" என்று சொல்லிப் பாருங்கள். போனைத் தூக்கி நம் கையில் கொடுத்துவிடுவார்.

அப்படிக் கைக்கு வந்த போன்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். எல்லாம் பிள்ளைகள் பயன்படுத்தித் தள்ளிவிட்டவை. கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல், உறைக்குள் ரேஷன் ரசீதும் மடித்த நூறு ரூபாய் நோட்டும். திறந்தால் "ஸ்டோரேஜ் ஃபுல்". உள்ளே பார்த்தால் ஆயிரக்கணக்கில் காலை வணக்கப் படங்கள், ரோஜா, சூரியன், முருகன். எதையும் கேட்காமல் அழிக்கக் கூடாது. ஒரு பாட்டியின் போனில் அத்தனை ரோஜாக்களுக்கு நடுவே இறந்துபோன கணவரின் ஒரே ஒரு புகைப்படம் இருந்தது. அதைத் தனியாக எடுத்து வைத்த பிறகுதான் மற்றவற்றில் கை வைத்தேன். தானாகப் படம் இறங்குவதை நிறுத்தி, எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, என் எண்ணைச் சேமித்துக் கொடுப்பேன். பிடிஎஃப் அனுப்பலாம் என்று அண்ணன் மகன் சொன்னான். வேண்டாம் என்றேன். பிடிஎஃப்பில் எழுத்து பெரிதாகாது, இழுத்து இழுத்துத்தான் படிக்க வேண்டும். சாதாரணமாக டைப் அடித்து அனுப்பினால் போனில் வைத்த அளவுக்கே தெரியும். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்த விரல்களுக்கு இதெல்லாம் ஒரு வேலையா? தட்டச்சுப் பொறியின் அதே விசை அமைப்பைக் கணினியிலும் வைத்துக்கொள்ளலாம் என்பதால் புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை.

எழுத்தைவிடக் குரலுக்குத்தான் ஆள் அதிகம். படிக்கத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள், கண் புரை உள்ளவர்கள் இருக்கிறார்கள், எல்லாம் தெரிந்தும் கண்ணாடியைத் தேட அலுத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். ஆறேழு நிமிஷக் குரல் பதிவு ஒரு எம்பி அளவுதான் வரும். எஸ்டேட் லயங்களில் சிக்னல் கிடைக்காது. மேட்டுக்கு வந்தால் இறங்கிவிடும், அப்புறம் வீட்டுக்குப் போய் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்கலாம்.

ஆனால் குரல் என்றால் சோதனை கடுமை. எங்கள் தலைமுறை "ஆகாஷவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி" என்பதைக் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திய தலைமுறை. 2022-இல் அவர் மறைந்தபோது, அப்போது இந்தத் தொகுப்பு இல்லை, ஆனால் சொந்த அத்தை போனது போலப் பேசிக்கொண்டார்கள். போதாக்குறைக்குக் கோத்தகிரியில் 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் நிறையப் பேர். இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த காதுகள் அவை. முதல் வாரமே ஒரு பெரியவர் சொல்லிவிட்டார்: "நல்லா இருக்கு. ஆனா வாக்கியம் முடியுற இடத்துல மூச்சு விடுங்க. நடுவுல விடாதீங்க." அதன் பிறகு ஒவ்வொரு வாக்கியத்தையும் ஒரு மூச்சுக்கு அடங்குமாறுதான் எழுதுகிறேன். அதனால் எழுத்து வடிவமும் தேறிவிட்டது.

எதை விடுவது என்பதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. வயதானவர்கள் என்றதும் மூலிகை, ராசிபலன், கோயில் கும்பாபிஷேகம் என்று ஒரு தட்டில் வைத்து நீட்டுகிறார்களே, அதை விட்டேன். "நல்ல செய்தி மட்டும் போடுங்கள்" என்று ஒருவர் சொன்னார், அதையும் விட்டேன். இவர்கள் குழந்தைகள் இல்லை. பஞ்சம், போர், நெருக்கடி நிலை எல்லாம் பார்த்தவர்கள். கொலையும் விபத்தும் செய்திதான், ஆனால் ஒரு முறை சொன்னால் போதும். தொலைக்காட்சியில் அதே கேமரா காட்சியை நாற்பது தடவை ஓட்டுவதால்தான் தெருவே பயந்து கிடக்கிறது. அரசியலில் யார் யாரைக் கண்டித்தார்கள் என்பதை மொத்தமாக விட்டிருந்தேன். "அரசியல் இல்லாம என்னம்மா செய்தி, உப்பில்லாத சோறு" என்று சண்டைக்கு வந்தார்கள். இப்போது எட்டில் ஒன்று அரசியல். எந்தக் கட்சி மேடம் நீங்கள் என்று கேட்பவர்களுக்குச் சர்வீஸில் இருந்தபோது சொன்ன பதிலைத்தான் இப்போதும் சொல்கிறேன்: சிரித்துவிடுவேன்.

உள்ளூர்ச் செய்திக்கு இரண்டு இடம் எப்போதும் உண்டு. தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவிக்கும் பசுந்தேயிலை விலை வரும் நாளில் அதுதான் முதலிடம். ஒரு ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருப்பவர்கள் எட்டுக்கு முன்பே போன் போட்டுக் கேட்டுவிடுவார்கள். ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறந்தபோது நாளிதழ்கள் விழாவைப் பக்கம் பக்கமாக எழுதின. என் வாசகர்கள் கேட்டது வேறு. சீட்டு எங்கே போட வேண்டும், ஆட்டோ எதுவரை போகும், வீல்சேர் கிடைக்குமா, இனிமேல் கோவைக்கு இறங்காமல் இருக்கலாமா? நேரில் போய் விசாரித்துவிட்டு வந்துதான் எழுதினேன். நவம்பர் மாதம் முழுக்க, ஓய்வூதியர் உயிரோடு இருக்கிறார் என்று காட்டும் வாழ்நாள் சான்றிதழ் பற்றித் தினமும் ஒரு வரியாவது வரும். இலை எடுத்து எடுத்து ரேகை தேய்ந்த விரலை மெஷின் ஏற்காது; 2021-இலிருந்து முகத்தைக் காட்டியே செல்போனில் பதியலாம், அல்லது தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக் கொடுப்பார். வைப்பு நிதி ஓய்வூதியர்கள் நவம்பருக்காகக் காத்திருக்கவே வேண்டாம், எப்போது கொடுத்தாலும் அதிலிருந்து ஒரு வருஷம் செல்லும். இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல எனக்கு அலுப்பதில்லை, ஏனென்றால் அந்தச் சான்றிதழ் இல்லாமல் ஓய்வூதியம் நின்றுபோனவர்களை ஆபீஸில் பார்த்திருக்கிறேன்.

மோசடி பற்றிய செய்திகளுக்கு மட்டும் எட்டு என்ற கணக்கு இல்லை. "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று சொல்லி வீடியோவில் போலீஸ் உடுப்போடு வந்து மிரட்டும் ஆட்களைப் பற்றி 2024 அக்டோபரில் பிரதமரே மனதின் குரலில் பேசினார். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை, பணம் போய்விட்டால் உடனே 1930-க்குக் கூப்பிட வேண்டும் என்று நான் அடிக்கடி போட்டதன் விளைவு ஒன்றைச் சொல்கிறேன். ஜக்கனாரையில் ஒரு பாட்டி, தெரியாத நம்பரிலிருந்து வந்த வீடியோ அழைப்பை எடுத்து, "ஒன்பது மூணு பூஜ்யத்துக்குச் சொல்லிருவேன்" என்று கத்திவிட்டு வைத்துவிட்டார். கூப்பிட்டது கனடாவில் புது சிம் வாங்கிய பேரன். ஒன்று விட்டுவிட்டார், 1930-இல் முதல் எண்ணை. அடுத்த நாள் தொகுப்பில் அந்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாக இரண்டு முறை வாசித்தேன்.

மரணச் செய்திதான் இன்றும் தீராத வழக்கு. இந்த வயதில் நாளிதழைத் திறந்தால் முதலில் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான், யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அதிலும் மலையில் ஒரு சாவு என்றால் ஊரே போக வேண்டும்; தெரியாமல் போய்விட்டால் அந்த வருத்தம் வருஷக்கணக்கில் நிற்கும். அதனால் போடுகிறேன், ஆனால் வீட்டில் ஒருவர் வாயால் சொன்ன பிறகுதான். உயிரோடு இருக்கும் நடிகர்களுக்கு வாட்ஸ்அப்பில் எத்தனை முறை மாலை போட்டிருக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

நாளிதழ் வாக்கியத்தை அப்படியே எடுத்துப் போடுவதில்லை. நடந்த சம்பவம் யாருக்கும் சொந்தமில்லை, அதை ஒருவர் எழுதிய விதம் அவருக்குச் சொந்தம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் சாரம் அதுதான். ஆகவே படித்துவிட்டு மூடி வைத்து, அரசுச் செய்திக்குறிப்பு இருந்தால் அதோடு ஒப்பிட்டு, என் வார்த்தையில் எழுதுகிறேன். இ-பேப்பரின் பிடிஎஃப்பை முழுசாக அனுப்பச் சொல்லிக் கேட்பவர்களுக்கு, அது திருட்டு என்று நேரடியாகவே சொல்லிவிடுவேன். விளம்பரம் கேட்டும் வந்தார்கள், காது மெஷின் விற்பவர், முதியோர் குடியிருப்பு கட்டுபவர். பணம் தேவையில்லை என்று சொல்லவில்லை, பென்ஷன்காரிக்கு எப்போதும் தேவைதான். ஆனால் காது மெஷின்காரர் காசு கொடுத்த மறுநாள் அரசு மருத்துவமனையில் இலவசமாக மெஷின் கொடுக்கிறார்கள் என்று எப்படி வாசிப்பது?

இப்போது நடக்கும் பேச்சு படுக மொழியில் ஒரு குரல் பதிவு பற்றியது. ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், இருக்கும் வயதான பெண்கள் பலருக்குத் தமிழ் புரியும், ஆனால் வீட்டுப் பேச்சில் கேட்டால்தான் காது நின்று கேட்கும். பக்கத்துத் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வாசிக்கச் சம்மதித்திருக்கிறார். ஒத்திகையிலேயே என் எட்டை ஆறாக வெட்டிவிட்டார். "அக்கா, இந்த ரெண்டும் எங்க ஆளுங்களுக்கு எதுக்கு?" என்றார். பார்த்தால் ஒன்று நான் கஷ்டப்பட்டுச் சேர்த்த அந்த அரசியல் செய்தி. பசுந்தேயிலை விலையை மாதம் ஒரு முறை போதாது, குன்னூர் ஏலம் முடிந்ததும் வாராவாரம் நிலவரம் வேண்டும் என்கிறார், அதில் அவர் சொல்வது சரி. சம்பளம் வேண்டாம், ஒரே ஒரு நிபந்தனை: ஊரில் சாவு விழுந்தால் அன்றைக்கு அவரைத் தேடக் கூடாது. அந்த நாள்களில் தமிழ்ப் பதிவு மட்டும்தான் வரும் என்பதை முதல் நாள் செய்தியிலேயே சொல்லிவிடப் போகிறோம்.